பழைய ஜாஸ் கிட்டார் டோனுக்காக ஒரு ப்ரீஆம்ப் பெடல்: இதுவரை செய்து பார்த்தது

ஜாஸ் டோன் வேண்டுமா, கிட்டாரில் டோன் நாபை அடிவரை இறக்கிவிடு. யாரைக் கேட்டாலும் முதலில் கிடைப்பது இந்த யோசனைதான். இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிட்டாருக்குக் கம்பளி போர்த்திவிட்டு வாசிப்பது போல ஆகிவிடும். பழைய ரெக்கார்டுகளில் நான் கேட்பது அந்த மந்தம் இல்லை. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களைக் கேளுங்கள், ஒவ்வொரு நோட்டும் முன்னால் வந்து நிற்கும், பிக் படும் இடத்தில் சின்னதாக ஒரு கரகரப்பு இருக்கும், ஊதுகருவிகளுக்கு நடுவிலும் கிட்டார் தனியாகக் கேட்கும். 1963-இல் கென்னி பரெல் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோவில் ப்ளூ நோட் ரெக்கார்டு கம்பெனிக்காகப் பதிந்தது இன்னும் இருட்டான டோன், ஆனால் அதிலும் விரல் அசைவு வரை தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி, கிட்டார் வேறு, ஆம்ப் வேறு. இருந்தாலும் நடுப்பகுதியில் ஒரு சதைப்பற்று இரண்டிலும் பொதுவாக இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் இந்த ப்ரீஆம்ப் பெடல், அதாவது கிட்டார் சிக்னலை முதற்கட்டமாகப் பெருக்கி டோனை வடிவமைக்கும் சின்னப் பெட்டி.

முதலில் அந்தக் கால ஆம்ப்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். கிறிஸ்டியன் வாசித்தது 1936-இல் வந்த கிப்சன் இஎஸ்-150 கிட்டார், கூடவே அதே கம்பெனியின் இஎச்-150 ஆம்ப். சுமார் 15 வாட். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு ஸ்விங் பேண்டோடு வாசித்தால் வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்) கொஞ்சமாவது நெரிபடத்தான் செய்யும், அதாவது சிக்னலின் உச்சம் நசுங்கும், அந்தக் கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இன்னொரு ஜாஸ் கிட்டார்க்காரர் ஜிம் ஹால் நெடுங்காலம் இஎஸ்-175 கிட்டாரை கிப்சன் ஜிஏ-50 ஆம்பில் வாசித்தார். ஃபெண்டர் கம்பெனியின் ட்வீட் டீலக்ஸ் (ட்வீட் துணி ஒட்டிய பழைய மாடல்) ஆம்பில் டோனுக்கென்று இருந்ததே ஒரு நாப்தான். அப்புறம் 1960-களின் நடுவில் பிளாக்ஃபேஸ் (கறுப்பு முன்பலகை வைத்த) ஃபெண்டர்கள் வந்தன. இன்று நாம் 'க்ளீன்' என்று சொல்வது பெரும்பாலும் அந்த வகை ஆம்பின் சத்தத்தைத்தான். அந்த டோன் சர்க்யூட்டில் சாதாரண செட்டிங்கிலேயே சுமார் 400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அந்த அதிர்வெண்கள் மட்டும் அமுங்கிவிடும்.

400 ஹெர்ட்ஸ் என்பது கிட்டாரில் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முதல் ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட், அந்த ஜி 392 ஹெர்ட்ஸ். இரண்டாவது ஸ்ட்ரிங்கில் எட்டாவது ஃப்ரெட்டும் அதே நோட்தான். அதாவது ஜாஸ் சோலோ நடமாடும் இடத்திலேயே, நோட்டின் அடிப்படை அதிர்வெண் மேலேயே அந்தப் பள்ளம் விழுகிறது! ராக் ரிதமுக்கு அது நல்லது, பாடகருக்கு இடம் விடும். ஒற்றை நோட்டில் பேச வேண்டிய ஆளுக்கு அது எதிரி. ஜாஸ் கிட்டார்க்காரர் வெஸ் மான்ட்கோமரி ஃபெண்டர் சூப்பர் ரிவர்ப் ஆம்ப் வைத்து வாசித்தாரே என்று கேட்கலாம். வாசித்தார்தான், ஆனால் அந்த ஆம்பில் தனியாக மிடில் நாப் உண்டு, அதோடு அவர் கட்டைவிரலும் தடித்த ஸ்ட்ரிங்கும் எல்-5 கிட்டாரும் சேர்ந்தால் எந்த ஆம்பும் நிரம்பிவிடும்.

என்னிடம் இருப்பது லேமினேட் பலகையில் செய்த ஒரு ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த கிட்டார்), கழுத்துப் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், 0.012 அங்குலத்தில் தொடங்கும் ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் செட், பிளாக்ஃபேஸ் சாயலில் ஒரு சாலிட் ஸ்டேட் (வால்வ் இல்லாத) காம்போ ஆம்ப், அதாவது ஸ்பீக்கரும் அதே பெட்டியில். நிஜமான ட்வீட் ஆம்ப் வாங்குவதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பழையது என்றால் அமெரிக்க 110 வோல்ட், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், வால்வ் போனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையைச் சொல்லவே வேண்டாம். அதைவிட முக்கியம், 12 வாட் வால்வ் ஆம்ப் லேசாக நெரிபடும் அளவுக்கு வால்யூம் வைத்தால் அடுக்குமாடி வீட்டில் யாரும் உட்கார முடியாது. ப்ரீஆம்ப் பெடலில் அந்த நெரிசலை எந்த வால்யூமிலும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதற்கு மேல் வேறு காரணம் தேவைப்படவில்லை.

கடையில் கிடைப்பதை வாங்காமல் நானே செய்யலாம் என்று முடிவு செய்தேன், ஏனென்றால் உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ட்வீட் டீலக்ஸ் சர்க்யூட்டில் வால்வுகளுக்குப் பதில் ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போடும் முறை கிட்டார்க்காரர்களிடையே நெடுநாளாக இருப்பது. பெருக்கும் கட்டம் இரண்டு, அதற்கு ஜே201 என்ற ஜேஃபெட் இரண்டு, ஒன்பது வோல்ட். ஒரிஜினலில் முதல் வால்வ் 12ஏஒய்7, அதன் பெருக்கக் காரணி 44. அடுத்தது 12ஏஎக்ஸ்7, அதற்கு 100. முதல் கட்டம் அடக்கமாகவும் இரண்டாவது கட்டம் சூடாகவும் இருப்பதால்தான் அந்த ஆம்ப் சட்டென்று உடையாமல் மெதுவாக நெகிழ்கிறது என்பது என் எண்ணம். அதனால் முதல் ஜேஃபெட்டின் சோர்ஸ் ரெசிஸ்டருக்கு பைபாஸ் கபாசிட்டர் போடவில்லை, கெயின் (பெருக்கும் அளவு) தானாகக் குறைந்துவிடும். இரண்டாவதற்கு மட்டும் போட்டேன்.

ரெசிஸ்டர், கபாசிட்டர், வெரோபோர்டு, அலுமினியப் பெட்டி, பாட், ஜாக் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்துவிட்டன. தலைவலி ஜே201 மட்டும்தான். மூன்று கால் வைத்த பழைய பிளாஸ்டிக் உருவத்தில் பெரிய கம்பெனிகள் அதை நிறுத்தி நாளாகிவிட்டது, சந்தையில் வேறு எதையோ பெயர் மாற்றி விற்கிறார்கள். சர்ஃபேஸ் மவுண்ட் வடிவத்தில் வரும் எம்எம்பிஎஃப்ஜே201-ஐ வாங்கி ஒரு குட்டி அடாப்டர் போர்டில் சாலிடர் செய்வதுதான் பத்திரமான வழி. நல்ல பூதக்கண்ணாடியும் மெல்லிய முனையும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொரு ஜே201-உம் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கட்ஆஃப் வோல்ட்டேஜ் (ஜேஃபெட் அடைபடும் புள்ளி) மைனஸ் 0.3-லிருந்து மைனஸ் 1.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் டிரெயினில் (ஜேஃபெட்டின் வெளியீட்டுக் காலில்) 100 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மாற்றும் குட்டி ரெசிஸ்டர்) போட்டு, மீட்டரில் 4.5 முதல் 5 வோல்ட் வரை கொண்டுவந்துவிட்டு, மிச்சத்தைக் காதால் திருப்பிச் சரி செய்ய வேண்டும். சப்ளையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் நெரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சூடாக இருக்கிறது. ரொம்பத் தள்ளினால் நோட் அடங்கும்போது துப்புகிறது.

முதலில் வழக்கம் போல பெடலை ஆம்பின் முன் இன்புட்டில் செருகிக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கம்ப்ரெஷன். ஆனால் அந்த நடுப்பகுதி வரவில்லை. வராது, பெடல் கட்டிக் கொடுக்கும் மிட்ரேஞ்சை ஆம்பின் டோன் சர்க்யூட் மறுபடியும் தோண்டி எடுத்துவிடுகிறது. கேபிளைக் கழற்றி ஆம்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகினேன். அங்கே செருகினால் ஆம்பின் ப்ரீஆம்ப் முழுக்க வெளியேறிவிடும், பெடலே ப்ரீஆம்ப், காம்போ வெறும் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும். அந்த மாற்றத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். மூன்றாவது ஃப்ரெட் ஜி, மற்ற நோட்டுகளோடு சரிசமமாக எழுந்து நின்றது. கிட்டார் பெரிதானது போல இருந்தது. ப்ரீஆம்ப் பெடல் வாங்கியோ செய்தோ வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு விஷயம் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள், பெடல் எந்த கம்பெனி என்பதைவிட அது எங்கே செருகப்படுகிறது என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது.

ஆம்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இல்லை என்றால்? ஃபெண்டர் வகை மூன்று நாப் ஆம்பில் பேஸையும் ட்ரெபிளையும் பூஜ்யத்தில் வைத்து மிடிலை முழுக்க ஏற்றினால் அந்த டோன் சர்க்யூட் கிட்டத்தட்ட தட்டையாகிவிடும். சத்தம் நிறையக் குறையும், வால்யூமில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஜாஸ் கிட்டார்க்காரர் கிரான்ட் கிரீன் ஆம்பில் பேஸையும் ட்ரெபிளையும் இறக்கிவிட்டு மிட்ரேஞ்சை ஏற்றி வைப்பார் என்று கிட்டார்க்காரர்கள் சொல்லிவருவதுண்டு. அவருடைய ஒற்றை நோட் வரிகளைக் கேட்டால், அந்த சர்க்யூட் கணக்கும் காதில் விழுவதும் அழகாகப் பொருந்துகிறது.

அடுத்தது பேஸ். ஆர்ச்டாப்பில் கழுத்து ஹம்பக்கர், கீழ் ஸ்ட்ரிங்குகளில் கார்டு பிடித்தால் இரண்டாவது ஜேஃபெட் பேஸாலேயே நிரம்பி, மேலே இருக்கும் மெலடி நோட் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் கபாசிட்டரைக் குறைப்பதுதான் வழி. பலர் 0.1 மைக்ரோஃபேரட்டிலிருந்து 0.022-க்கு மாற்றச் சொல்வார்கள். அடுத்து இருப்பது 1 மெகா ஓம் பாட் என்பதால் 0.1-க்கு வெட்டுப்புள்ளி (இதற்குக் கீழேதான் பேஸ் வெட்டுப்படும்) 1.6 ஹெர்ட்ஸ், 0.022-க்கு 7 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மிகக் கீழ் நோட்டே 82 ஹெர்ட்ஸ், அதனால் காதில் ஒன்றும் மாறாது. நேராக 1 நானோஃபேரட்டுக்குப் போனேன், வெட்டுப்புள்ளி 160 ஹெர்ட்ஸ். கீழ் ஈ சுமார் 7 டெசிபல் குறைகிறது, முதல் ஸ்ட்ரிங் திறந்த ஈ ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை. கார்டுகள் தெளிந்தன. பேஸ் போய்விட்டதே என்ற கவலை வேண்டாம், ஆர்ச்டாப் உடம்பும் ஸ்பீக்கர் பெட்டியும் வேண்டிய அளவு திருப்பிக் கொடுக்கின்றன, ஃபீட்பேக்கும் தள்ளிப்போகிறது.

டோன் நாப் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கிட்டாரில் டோன் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பிக் படும் அந்தக் கணத்தில் வரும் மேல் அதிர்வுகள் ஜேஃபெட்டுக்குள் போனால்தான் அது லேசாக நெரிபட்டு, அந்த 'ப' என்ற தொடக்கத்தைக் கொடுக்கும். கிட்டாரிலேயே அதை வெட்டிவிட்டால் நெரிபட ஒன்றும் மிஞ்சாது. ட்ரெபிளை பெடலுக்கு அப்புறம் வெட்ட வேண்டும், பெடலின் டோன் நாபிலும் ஸ்பீக்கரிலும். கிட்டார் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும், அதுவே பாதி வேலையைச் செய்கிறது. ஹெட்ஃபோனில் வாசிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது, ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாமல் இந்தப் பெடலை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் கொசு ரீங்காரம்தான் கேட்கும்.

கேபிளும் டோனின் ஒரு பகுதிதான். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட் கபாசிட்டன்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஆறு மீட்டர் கேபிளில் 600, அது பிக்கப்பின் உச்சத்தைக் கீழே இழுத்துவிடும். பெடலுக்கு முன்னால் நீளமான கேபிள், பின்னால் குட்டையானது என்று வைத்ததில், கூர்மை மட்டும் போய் தெளிவு தங்கியது. பெடலுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் போட்டாலும் பிக்கப்புக்குத் தெரியாது.

பிக்கப் உயரத்தையும் மாற்றினேன். இஎஸ்-175 வந்தது 1949-இல், அதற்கு ஹம்பக்கர் வந்தது 1957-இல். நடுவில் எல்லாம் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப். ஜிம் ஹாலின் அந்த மரவாசனை டோனும் பி-90 தான். என் ஹம்பக்கரை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, அதன் முகத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழே இருக்கும் திருகுகளை மட்டும் ஸ்ட்ரிங் பக்கம் உயர்த்தினேன். அவுட்புட் குறைந்தது, நோட்டுகள் பிரிந்து கேட்கின்றன, பெடலும் அவசரப்பட்டு உடைவதில்லை. பி-90 ஆகிவிடவில்லை, ஆனால் அந்தத் திசையில் நன்றாகவே நகர்ந்திருக்கிறது. செலவில்லாத வேலை, ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும்.

கெயின் விஷயத்தில் என் அளவுகோல் இதுதான்: கிட்டார் வால்யூம் ஏழில் ஒற்றை நோட் சுத்தமாகவும், பத்தில் நாலு நோட் கார்டை அழுத்தி அடித்தால் ஓரம் மட்டும் உருண்டும் வர வேண்டும். அதற்கு மேல் போனால் ப்ளூஸ் ஆகிவிடுகிறது. அதுவும் அழகுதான், ஆனால் இங்கே நான் தேடுவது அதை அல்ல. நண்பர் ஒருவர் எக்கோப்ளெக்ஸ் (பழைய டேப் எக்கோ கருவி) வகை பூஸ்டர் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், தொடும்போது சுகமாக இருக்கிறது, ஆனால் மேல் பக்கம் மினுக்குகிறது, ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்கோடு மட்டும் பரவாயில்லை.

இப்போதைக்கு கெயின் பாதிக்குச் சற்றுக் கீழே, டோன் மூன்றில் ஒரு பங்கு, மாஸ்டர் வீட்டு அளவுக்கு. அடுத்து இரண்டு வேலை இருக்கிறது. ஒன்பதுக்குப் பதில் பதினெட்டு வோல்ட் கொடுத்து டிரிம்பாட்களைப் புதிதாகச் சரி செய்து பார்க்க வேண்டும், கார்டு மெலடிக்கு அந்தக் கூடுதல் இடம் உதவும் என்று நினைக்கிறேன். இன்னொன்று, காம்போவின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆல்னிகோ காந்தம் வைத்த ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிப் பார்ப்பது. பெடலில் இனி மாற்றுவதைவிட அங்கே கிடைப்பது அதிகமாக இருக்கலாம். ஜே201 பயாஸ் (டிரிம்பாட்டில் வைக்கும் வோல்ட்டேஜ்) பற்றியோ கபாசிட்டர் கணக்கு பற்றியோ கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், பதினெட்டு வோல்ட் ரிசல்ட் வந்ததும் ஒலிப்பதிவோடு எழுதுகிறேன்.