சூட்டைக் கடத்தும் சிறுமி: மூன்றாம் வடிவு வரை

9 முதல் 12 வயதுக்கான சாகசக் கதை. 12 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குள் என்பது திட்டம். நாயகி ஆதிரைக்கு ஒரே ஒரு சக்தி: ஒரு பொருளின் சூட்டை இடக்கையால் எடுத்து, வலக்கையால் வேறொன்றில் இறக்கிவிடுவாள். தம்பி கவின் கூடவே வருவான். மூன்றாம் வடிவில் ஏழாம் அத்தியாயம் வரை முடிந்திருக்கிறது.

முதல் வடிவு ஐந்தாம் அத்தியாயத்தில் படுத்துவிட்டது. சக்திக்கு விலையே இல்லை. கதவு பூட்டியிருக்கிறதா, உருக்கு. ஆறு குறுக்கே வருகிறதா, உறைய வை. ‘அதிகம் பயன்படுத்தினால் களைத்துப்போவாள்’ என்று ஒரு வரி சேர்த்தும் பயனில்லை. எழுதுகிறவருக்கு வேண்டும்போது களைப்பாள், வேண்டாதபோது துள்ளிக் குதிப்பாள். பிள்ளைகள் இதை மூன்றாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

இரண்டாம் வடிவுக்கு முன்னால் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி ஏறியது: மந்திரம் இயற்பியலின் ஒரே ஒரு விதியைத்தான் மீறும். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆதிரை மீறுவது இதை மட்டும். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற முதல் விதி அவளையும் கட்டும். ஓரிடத்தில் ஏறும் சூடு இன்னோரிடத்திலிருந்து வந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு நோட்டில் கதையைவிடக் கணக்குதான் அதிகம்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு என்றால் 294. இதைத் தன் உடம்பிலிருந்தே எடுத்தால்? மனித உடம்பு கிலோவுக்கு ஒரு டிகிரி குறையச் சுமார் 3.5 கிலோஜூல் இழக்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள சிறுமிக்கு 105. ஆக, 2.8 டிகிரி இறங்கி, 37-இல் இருந்த உடம்பு 34.2-க்கு வந்துவிடும். உள்வெப்பம் 35-க்குக் கீழே போனாலே ஆபத்து: கடும் நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை, மழுங்கும் புத்தி. ஒரு பாத்திரம் வெந்நீருக்கே இந்தக் கதி! ‘களைத்துப்போவாள்’ என்ற வரியை அடித்துவிட்டு இந்த நான்கையும் வரிசையாக வைத்ததும் நாலாம் அத்தியாயம் உயிர்பெற்றது. மழுங்கும் புத்திதான் பெரிய லாபம். நாயகி தப்பான வழியில் திரும்ப இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது. கால் லிட்டர் என்றால் 0.7 டிகிரிதான் இறங்கும். எனவே உடம்பிலிருந்து எடுப்பது ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் என்று வரம்பு கட்டியாயிற்று.

உடம்பை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாத்திரத்திலிருந்து எடுத்தால் கணக்கு இன்னும் அழகு. இடப்பக்கம் ஒரு லிட்டர் நீர் 30-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் 126 கிலோஜூல் கிடைக்கும். மீதி 168 உறைவதிலிருந்து வரவேண்டும். ஒரு கிலோ நீர் உறையும்போது 334 வெளிவரும் என்பதால் அரை கிலோ உறைந்தால் போதும். வலப்பக்கம் கொதிக்கிறது, இடப்பக்கம் பாதி பனிக்கட்டி. இந்தக் காட்சி முதலில் இப்படி இருந்தது:

“உள்ளுறை வெப்பம் என்றால் என்ன, அக்கா?”
“ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும், தம்பி.”

தம்பிகள் இப்படிக் கேட்பதில்லை. அக்காக்கள் இப்படிச் சொல்வதுமில்லை. இப்போது இப்படி:

“அக்கா, இந்தப் பக்கம் பாதிதான் உறைஞ்சிருக்கு. இன்னும் எடுக்கணுமா?”
“வேணாம்டா. அங்க கொதிச்சாச்சு.”

எண் நோட்டோடு நின்றுவிட வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் படுவது மட்டும் கதைக்குள் வரலாம்.

அறைக் காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் இடத்தில் ஒரு பிழை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அறையில் காற்று ஏறத்தாழ 32 கிலோ இருக்கும். 294 கிலோஜூல் எடுத்தால் 9 டிகிரி குறையும். காற்றில் ஈரம் இருந்தால் அது நீராகும்போது சூட்டைத் திருப்பித் தரும், அதனால் இறக்கம் இதைவிடக் குறைவு. சுவர்க் கண்ணாடியில் ஈரம் பூத்ததாக எழுதியிருந்தது தப்பு. குளிர்ந்தது காற்று, கண்ணாடி இன்னும் 30 டிகிரியில்தான் இருக்கிறது, அதில் ஈரம் படியாது. ஈரக்காற்றாக இருந்தால் அறை நடுவே புகைபோல மூடுபனிதான் எழும். படிக்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது.

பூட்டுதான் பெரிய தலைவலி. 200 கிராம் இரும்பை உருக்க ஏறத்தாழ 250 கிலோஜூல் போதும், ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைப்பதைவிடக் குறைவு! கணக்கு அனுமதித்தாலும் இரும்பு உருகுவது 1538 டிகிரியில். அதற்குப் பக்கத்தில் சிறுமியின் முகத்தை வைக்க முடியாது. அடுத்த யோசனை, பூட்டுக்குள் நீர் ஊற்றி உறைய வைப்பது. நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பழைய பூட்டில் நீர் ஊற்றி இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்ததில் சாவித் துளை வழியாகப் பனிக்கட்டி பிதுங்கியது, அவ்வளவுதான். விரிகிற பனிக்கு வெளியேற வழி இருக்கும்வரை அது எதையும் உடைக்காது. மூடிய கண்ணாடிப் பாட்டில் என்றால் உடையும்; ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற பிள்ளைகள் கண்ணாடிப் பாட்டிலைத் தொடக் கூடாது என்பதால் அது கதையிலும் வராது.

மூன்றாம் வடிவில் பூட்டு போய்ப் பாறைப் பிளவு வந்தது. பிளவில் 100 மில்லி நீர், வாயை அடைக்க ஈரக் களிமண். உறைய வைக்க எடுக்கவேண்டியது 46 கிலோஜூல். பாறையின் சூடும் கொஞ்சம் கூடவே வரும். அதைத் தன் உடம்பிலேயே இறக்கிக்கொண்டால் அரை டிகிரி போல ஏறும். நாலாம் அத்தியாயத்தில் நடுங்கியவளுக்கு இங்கே கதகதப்பு. ஒரே உறைவில் பாறை பிளக்காது; உருக்கி, மறுபடி நீர் நிரப்பி, மறுபடி உறைய வைக்க வேண்டும். கதையில் ஐந்து முறை. மூன்றாம் முறை களிமண் பிய்த்துக்கொண்டு போகிறது.

படித்துக் காட்டியபோது கேட்ட பிள்ளைகளில் ஒருவரின் கேள்வி: “கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டா கை சுடாதா?” மூன்று வடிவிலும் யாருக்கும் தோன்றாதது. இப்போது கை பொருளிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கும். ‘தொட்டாள்’ என்று வந்த இடமெல்லாம் திருத்தம்.

அடுத்தது எட்டாம் அத்தியாயம், ஆற்றின் மேல் பனிப்பாலம். 5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. கனம் என்றாலே ஏறத்தாழ ஒரு டன் நீர். எடுக்க வேண்டியது 460 மெகாஜூல், அதாவது 4,60,000 கிலோஜூல். ஆற்றிலேயே கொட்டினால் ஒன்றரை டன் நீர் கொதிநிலைக்கு வந்து மீனெல்லாம் வெந்துவிடும். கரையில் 5 டன் பாறையில் இறக்கினால் அது 145 டிகிரிக்குப் போகும். அடியில் ஓடும் நீர் பாலத்தை உடனே கரைக்கத் தொடங்கும், ஆகவே ஓடித்தான் கடக்க வேண்டும். இப்போதைக்குப் பாறைதான். துரத்தி வருகிறவர்கள் ஒளிவதற்கு அதன் பின்னால் போவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.