ஓவர்ரன் விசாரணை: விமானத்தை விட பேப்பர்தான் எங்களைப் படுத்துச்சு

ரிப்போர்ட் வெளிய வந்தாச்சு, இனிமே எழுதலாம். எந்த ஏர்போர்ட், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மழைல இறங்கின ஜெட் ரன்வேய தாண்டி ஓடி சேத்துல போய் நின்னுச்சு, உயிர்ச்சேதம் இல்ல. விசாரணைக் குழுல ரன்வே, பர்ஃபாமன்ஸ் (விமானம் எவ்ளோ தூரத்துல நிக்கும்ங்கற மாதிரி கணக்கு) ரெண்டும் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சமாவது உபயோகப்படும்னு எழுதறேன், பாதி புலம்பல்தான், பொறுத்துக்கோங்க.

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ளயே தீர்ப்பு சொல்லிட்டாங்க. "பைலட் லேட்டா தரை தொட்டாரு சார், வேற என்ன இருக்கு"ன்னு ஏர்போர்ட் ஆளுங்க, டிவி, டாக்ஸி டிரைவர் வரைக்கும் ஒரே பாட்டு. 2007ல பிரேசில் கொங்கோன்யாஸ்ல 199 பேர் செத்த விபத்துல இதுக்கு அப்படியே தலைகீழ். புதுசா போட்ட ரன்வேல தண்ணி வடிய பள்ளம் வெட்டலன்னு ஊரே ரன்வேயத் திட்டிச்சு, ரெக்கார்டர எடுத்துப் பாத்தா வலது இன்ஜினோட த்ரஸ்ட் லீவர் (இன்ஜின் சக்தியக் கூட்டிக் குறைக்கற கைப்பிடி) மேல ஏறறப்ப வைக்கற க்ளைம்ப் இடத்துலயே இருந்ததா பதிவாகியிருந்துச்சு. அதனால மொத நாள் யாரு என்ன சொன்னாலும் நோட்டுல எழுதிக்கோங்க, நம்பாதீங்க.

மொத எரிச்சல், காக்பிட் பேச்சப் பதிவு பண்ற வாய்ஸ் ரெக்கார்டர். புது விமானங்கள்ல 25 மணி நேரம் பதிவாகும், இது பழசு, 2 மணி நேரம்தான், அதுக்கு மேல போனா பழசு மேலயே எழுதிடும். பயணிகள் இறங்கினப்புறம் லக்கேஜ் எடுக்கணும்னு யாரோ கரண்ட போட்டிருக்காங்க, ரெக்கார்டர் ஓடாம இருக்க அதோட சர்க்யூட் பிரேக்கர இழுத்து விடணும்னு ஒருத்தருக்கும் தோணல. இறங்கறது மட்டும் நூலிழைல தப்பிச்சுது, அதுக்கு முன்னாடி ரெண்டு பைலட்டும் காத்து, மழை, எவ்ளோ தூரத்துல நிக்கலாம்னு பேசின ப்ரீஃபிங் சுத்தமா போச்சு. அவங்க என்ன கணக்கு போட்டாங்கன்னு கேக்க இனிமே அவங்க ஞாபகம்தான் நமக்கு. போற வழிலயே போன் பண்ணி "பிரேக்கர் இழுத்தாச்சா"ன்னு கேளுங்க, "ஆச்சு"ன்னா போட்டோ அனுப்பச் சொல்லுங்க. வேகம், பிரேக் மாதிரி விவரமெல்லாம் பதிவாகற டேட்டா ரெக்கார்டர் எந்தப் பிரச்சினையும் இல்லாம டவுன்லோட் ஆச்சு.

அடுத்தது டயர் தடம். ரன்வேய சீக்கிரம் திறக்கணும்னு மேலிடத்துல இருந்து நெருக்கறாங்க, ஒரு பக்கம் கிரேன் நிக்குது, இன்னொரு பக்கம் கூட்டற வண்டி நிக்குது. கூட்டற வண்டிய மட்டும் வழில நின்னு மறிச்சேன், ரெண்டு பேரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க, பரவால்ல. அதனாலதான் கடைசி பாகத்துல இருந்த வெள்ளை நிற டயர் தடம் கிடைச்சுது. காஞ்ச ரன்வேல பிரேக் அடிச்சா கருப்பா இழுக்கும். இது கழுவி விட்டாப்ல வெளுப்பா இருந்துச்சு, டயருக்கும் தரைக்கும் நடுவுல தண்ணி மாட்டி சூடாகி ஆவியா வர்றப்ப விழற தடம் அது. அங்கயே ஹைட்ரோபிளேனிங் (டயர் தரையத் தொடாம தண்ணி மேலயே வழுக்கிப் போறது) சந்தேகம் வந்துடுச்சு. எந்த வேகத்துக்கு மேல அது வரலாம்னு பாக்க, டயர் பிரஷர psiல எடுத்து அதோட வர்க்கமூலத்த 9ஆல பெருக்குங்க, 200 psiக்கு 127 நாட் வரும். தரை தொட்டப்ப வேகம் அதுக்கு மேல.

டேட்டாவும் அதத்தான் சொல்லிச்சு. ஸ்பாய்லர் (இறங்கினதும் றெக்கை மேல எழும்பற தகடு) உடனே எழும்பியிருக்கு (அது லேட்டா எழும்பின 1993 வார்சா விபத்து மாதிரியோன்னு எல்லாரும் கேட்டாங்க, இல்ல), இன்ஜின் காத்த முன்பக்கமா திருப்பற ரிவர்சர் விரிஞ்சிருக்கு, பிரேக் பெடல் தரை வரைக்கும் மிதிபட்டிருக்கு, ஆனா வேகம் குறையற அளவு பரிதாபமா இருக்கு. பிரேக் பிடிப்பு கேக்குது, தரை குடுக்கல.

இங்கதான் ஏர்போர்ட் ஆபீஸ் படலம். ரன்வேல உராய்வு எவ்ளோன்னு வண்டி விட்டு அளப்பாங்க இல்ல, அந்த ரெக்கார்டும், டயர் ரப்பர எப்ப சுரண்டி எடுத்தாங்கங்கற லாகும் வேணும்னு கேட்டோம். கவுண்டர்ல இருந்தவரு லெட்டர்ல சப்ஜெக்ட் லைன் சரியில்லன்னு திருப்பி அனுப்பினாரு. மாத்திக் குடுத்தா அதிகாரி லீவு. அதிகாரி வந்தா ஃபைல் வேற செக்‌ஷன்ல. விசாரணைச் சட்டப்படி எங்களுக்குக் கேக்க அதிகாரம் இருக்கு, அத வாய்ல சொன்னா ஒருத்தரும் அசையல. சட்டப் பிரிவு நம்பரப் போட்டு, கீழ "பெற்றுக்கொண்டேன், தேதி, நேரம்"னு கையெழுத்துக்கு இடம் விட்டு லெட்டர் குடுத்தேன் பாருங்க, கையெழுத்து போட வேண்டியவரு பேனாவக் கையில வெச்சிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, அன்னிக்கு சாயங்காலமே ஃபைல் வந்துடுச்சு.

வந்த ஃபைல்ல உராய்வு "திருப்தி". எல்லாரும் அதோட விட்டிருப்பாங்க, எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா பக்கம் முழுக்க 65 கிலோமீட்டர் வேகத்துல எடுத்த அளவு மட்டும்தான். 95லயும் ஓட்டிப் பாக்கறதுதான் வழக்கம். தரை மழமழன்னு ஆகிப்போச்சுன்னா குறைஞ்ச வேகத்துல நல்லாத்தான் காட்டும், வேகம் ஏற ஏற தண்ணி போக வழியில்லாம நம்பர் விழும். ஆபீஸ்ல கேட்டா "அதெல்லாம் எடுக்கறதில்ல"ன்னு பதில். வண்டி ஓட்டறவரத் தேடிப் போனேன், ஷெட்டுல டீ குடிச்சிட்டு இருந்தாரு. "எடுக்காம என்ன சார், மெஷின்லயே இருக்கே, அவங்க ஒரு பக்கம்தான் கேப்பாங்க"ன்னாரு. அங்கயே பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு. ரன்வேயோட கடைசி மூணுல ஒரு பங்குல நம்பர் அதலபாதாளம். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

கடைசி பாகம் ஏன் அப்படி? எதிர்ப்பக்கத்துல இருந்து வர்ற விமானங்களுக்கு அதுதான் தரை தொடற இடம், ரப்பர் பூரா அங்கதான் அப்பியிருக்கும். லேட்டா தொட்டவனுக்கு பிரேக் புடிக்க வேண்டிய இடமும் அதேதான்.

பிரிண்ட மட்டும் நம்பாம, தரை எவ்ளோ சொரசொரப்புன்னு பாக்கற மணல் வட்டச் சோதனையும் பண்ணினோம். 25 மில்லி நுண்மணலத் தரைல கொட்டி, தட்டையான வட்டக் கட்டையால சுத்திச் சுத்திப் பரப்பணும், மணல் பள்ளத்துக்குள்ள எறங்கி மட்டமானதும் விட்டத்த நாலு பக்கமும் அளக்கணும். சராசரி ஆழம் 1 மி.மீ இருந்தா வட்டம் 18 செ.மீ கிட்ட நின்னுடும், புதுத் தரைக்கு அவ்ளோ இருக்கணும்னு ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) சொல்லுது. நடு ரன்வேல ஏறக்குறைய அப்படித்தான் நின்னுச்சு. கடைசி பாகத்துல பரப்பப் பரப்ப போய்க்கிட்டே இருக்கு, 30 செ.மீ தாண்டிடுச்சு, அப்படின்னா ஆழம் 0.35 மி.மீ கூட இல்ல. கூட நின்ன ஏர்போர்ட் இன்ஜினியர் ஸ்கேல வாங்கி அவரே திரும்ப அளந்தாரு, ஒண்ணும் பேசல.

நேரம் சரிபார்க்கறது தனித் தலைவலி. டேட்டா ரெக்கார்டர் ஒரு நேரம், டவர் டேப் ஒரு நேரம், சிசிடிவி அதுக்குன்னு தனியா ஒரு உலகம். பைலட் மைக் பட்டன அமுக்கறது டேட்டாலயும் இருக்கும், அந்தக் குரல் டேப்லயும் இருக்கும், அத வெச்சுக் கோர்த்துடுங்க. சிசிடிவிக்கு சக்கரம் தார விட்டு மண்ணுல எறங்கற நொடி, டேட்டால அங்க குலுங்கல் தெளிவா தெரியும். இத மொதல்லயே செஞ்சிடுங்க, இல்லன்னா பின்காத்து எந்த நொடில எவ்ளோன்னு சண்டை போட்டே காலம் போயிடும்.

தயாரிப்பாளர் கம்பெனி ஆளுங்க கணக்கு போட்டுக் குடுத்தது எனக்கே ஆச்சரியம். அதே லேட் டச்டவுன், அதே பின்காத்து, ஆனா சாதாரண ஈர ரன்வேன்னா, உள்ளயே நின்னிருக்கும். அதே வழுக்கல் ரன்வே, ஆனா சரியான இடத்துல தொட்டிருந்தா, அப்பவும் நின்னிருக்கும். பைலட்டுக்கு டவர்ல சொன்னது வெறும் ஈரம், கோட் 5 (ரன்வே நிலமைக்குக் குடுக்கற நம்பர், குறையக் குறைய வழுக்கல் ஜாஸ்தி). அந்தத் தரைய ஈரத்துல வழுக்கும்னு முன்னாடியே அறிவிச்சிருந்தா கோட் 3 வந்திருக்கும், அவங்க தூரக் கணக்கே மாறியிருக்கும். அதுக்காக பைலட்ட விடல. அவ்ளோ தள்ளி மெதந்துக்கிட்டே போனப்ப ஏன் கோ-அரவுண்ட் (இறங்காம திரும்ப மேல ஏறிப் போறது) போகலன்னு ரிப்போர்ட்ல தெளிவாவே கேட்டிருக்கோம்.

டிராஃப்ட் ரிப்போர்ட்டுக்குக் கருத்து சொல்ல 60 நாள் டைம். கடைசி நேரத்துல ஏர்போர்ட் தரப்புல இருந்து தடிமனா ஒரு கவர், "எங்கள் பதிவுகளின்படி உராய்வு திருப்தி"ன்னு அதே 65 கிலோமீட்டர் வேக அளவு இருந்த பக்கம் திரும்ப வந்துச்சு. பதிலுக்கு ஷெட்டுல வாங்கின பிரிண்டயும், அவங்க இன்ஜினியர் கையெழுத்து போட்ட மணல் வட்ட அளவையும் சேத்து அனுப்பினோம். அதுக்கப்புறம் ஒரு லெட்டரும் வரல. ரப்பர் சுரண்டற வண்டி மட்டும் அந்த வாரமே ரன்வேல எறங்கிடுச்சாம்.