ஆமையும் வெளியே, நாங்களும் வெளியே

வளசரவாக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோன மறுநாளே வீட்டுக்கார அம்மாவிடமிருந்து போன். யாழ்ப்பாணத்துக்காரர், அடுத்த வீட்டில் இருக்கிறார்.

"தம்பி, படலைக்கு ஒரு ஆமைப்பூட்டு வாங்கிக் கொழுவுங்கோ. ஒரு திறப்பை என்னட்டைத் தாங்கோ."

படலை என்றால் கேட் என்பது வந்த அன்றே பாடமாகிவிட்டது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கோ ஆமை மட்டும்தான் காதில் விழுந்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா! நேத்துதான் பால் காய்ச்சினோம்."

ஹார்டுவேர் கடைக்குப் போய் ஆமைப்பூட்டு கேட்டேன். "ஆமை இல்ல சார், மாங்காய் இருக்கு" என்றார் கடைக்காரர். திண்டுக்கல்காரராம். 2019-ல் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஏதோ தன் மகன் பாஸான மாதிரி சொன்னார். அப்புறம், "லீவர் அஞ்சா, ஏழா?"

பள்ளிக்கூடத்துக் குறள் மண்டையில் மணியடித்தது. ஆமைபோல் ஐந்தடக்கினால் எழுமையும் ஏமாப்பு. அஞ்சும் இருக்கிறது, ஏழும் இருக்கிறது; ஏமாப்பு என்றால் பாதுகாப்பு. வள்ளுவர் பூட்டுக் கடையில் நின்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஏழு பிறப்புக்குத் தாங்குமா என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் கேரண்டி சார்."

கடைசியில் விலையைப் பார்த்து, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் சின்னப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டுக்கார அம்மா அதை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தார். முதுகு புடைத்து, வளையம் தலை மாதிரி நீட்டிக்கொண்டு, நிஜமாகவே ஆமைதான். "இப்ப விளங்குதோ?"

விளங்கியது. "சாவி ரெண்டு இருக்கும்மா" என்றேன்.

"சாவியோ? அது போர்த்துக்கீசன்ர சொல்லு தம்பி. அவன் ஆண்டது எங்களை. அவன்ர சாவியை வச்சிருக்கிறது நீங்கள்!"

பதில் இல்லாதவன் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்வது வழக்கம். கேட்டை இழுத்துச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டி, ஓர் அழுத்து. டக். நல்ல இறுக்கமான சத்தம்.

"சரி, திறப்பைத் தாங்கோ."

அட்டையோடு இரண்டும் உள்ளே டிவி மேல் இருந்தன. நாங்கள் மூவரும் தெருவில்.

அம்மா பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது உள்ள வராமலே இந்தப் பாடு படுத்துது பார்."