அவள் சீப்பு கேட்ட நாள்

தீக்காயப் பிரிவில் டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது நோயாளிகள் காயத்தைப் பார்ப்பதில்லை. பிரிக்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நர்ஸாக அங்கே சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. வலி மருந்து முன்பே கொடுத்திருக்க வேண்டும், ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். கவனமெல்லாம் கையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் என் முகம் என்ன செய்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

சேர்ந்து மூன்றாவது மாதம். நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்குக் கன்னத்திலும் கழுத்திலும் வைத்த கிராஃப்டை ஐந்தாம் நாள் திறந்தோம். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் அது. ஒரு பகுதி பிடிக்காமல் கறுத்துப் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை ஒரு நொடி உள்ளே இழுத்தேன், கண்ணைத் தட்டின் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான். “ரொம்ப மோசமா இருக்கா சிஸ்டர்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டூட்டி முடிந்ததும் மூத்த சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. “அவர் இன்னும் தன்னைப் பார்க்கலம்மா. உன் மூஞ்சியிலதான் முதல்ல பார்த்திருக்கார்” என்றார்.

அந்த வருடம் பெரிய வெள்ளி ஆராதனையில் ஏசாயா 53 வாசித்தார்கள். பாடுபடும் தேவ ஊழியரைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசி எழுதியது, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான அதிகாரம். “அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை” என்ற வரி காதில் விழுந்தது. அடுத்த வசனத்தில், “அவரைவிட்டு, நம்முடைய முகங்களை மறைத்துக்கொண்டோம்” என்று வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தத் தட்டின் பக்கம் திரும்பிய என் கண்கள்தான் நினைவுக்கு வந்தன. முகத்தைத் திருப்பிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று தீர்க்கதரிசிக்குத் தெரிந்திருக்கிறது. அடிபட்டார், நொறுக்கப்பட்டார் என்பதோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய ஒன்றாகவே அதை எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் முகத்தைத் திருப்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் வாயைக் கட்டுப்படுத்த இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பல மாதங்கள் எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் பாதி தீக்காயம். தழும்பு தடித்து எழும்பாமல் இருக்க, அழுத்தம் கொடுக்கும் முகமூடியை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குளிக்க, சாப்பிட, தழும்பைத் தேய்த்துவிட மட்டும்தான் கழற்றலாம். தீக்காயத் தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து, தடித்துக்கொண்டே போகும். அடங்கி வெளிறி மென்மையாக ஒன்றிரண்டு வருடங்கள் ஆகும். ஆறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் இன்னும் மோசமாகத் தெரிவதால், நோயாளிகள் மனம் உடைவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அவளும் அழுதுகொண்டிருந்தாள். தேற்ற நினைத்து, “வெளி அழகு பெரிசில்லம்மா, மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்போ என் முகத்தை அவரும் பார்க்க மாட்டாரா சிஸ்டர்?”

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய், நான் சொன்ன வசனம் வேதத்தில் வரும் அதிகாரத்தைத் திறந்தேன். 1 சாமுவேல் 16:7. அது காயப்பட்ட யாருக்கும் சொன்ன ஆறுதல் அல்ல. தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து, இவன்தான் ராஜா என்று முடிவுகட்டிய சாமுவேல் தீர்க்கதரிசியைத் திருத்தச் சொன்ன வார்த்தை. அழகானவனை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கப் போகிறவனுக்குச் சொன்னதை, அழகை இழந்துவிட்டதாக அழுகிறவளிடம் நான் தூக்கிக் கொடுத்திருந்தேன். இன்னும் ஐந்து வசனம் தள்ளிப் போனால், ராஜாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாவீதின் அழகிய கண்களையும் நல்ல ரூபத்தையும் அதே அதிகாரம் தயங்காமல் சொல்கிறது. வேதம் அழகை இகழவில்லை. யாக்கோபின் மனைவி ராகேலின் அழகையும் சொல்கிறது, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பழுதே இல்லாத, தாவீதின் மகன் அப்சலோமையும் சொல்கிறது. அவன் தலைமயிரைக் கத்தரித்தால் 200 சேக்கல் நிறை இருக்குமாம். பேதுரு தன் நிருபத்தில் பின்னிய கூந்தலையும் பொன் ஆபரணங்களையும் பற்றிச் சொல்வதும், அவற்றில் தன் மதிப்பைத் தேடுகிறவர்களுக்குத்தான். கூந்தலே கருகிப்போன பெண்ணிடம் அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

“உள்ளழகு போதும்” என்று நாம் சொல்லும்போது, பல நேரம் அது அந்த முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க நாம் கண்டுபிடித்த வழியாக இருக்கிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

தேவன் முகத்தைப் பார்க்கிறார் என்று எங்கே இருக்கிறது எனத் தேடினேன். தேட வேண்டியதே இல்லை, ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் காதில் விழுவதுதான். “கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி…” எண்ணாகமம் 6-ல் ஆசாரியர்கள் ஜனங்களுக்குச் சொன்ன ஆசீர்வாதம். அந்த முகம் என்மேல் படுகிறது என்றால், என் முகம் அதன் எதிரில் இருக்கிறது. மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியை இயேசு முதலில் தொடுகிறார், அதற்குப் பிறகுதான் அவன் சுத்தமாகிறான். தோல் சரியாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தினமும் தோலைத் தொடுகிற எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் பட்டது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது லூக்கா 24. மரணத்தை ஜெயித்து எழுந்த சரீரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் இயேசு வந்திருக்கலாம். ஆனால் ஆணி பாய்ந்த கைகளோடு வந்து, “நான்தான் என்று அறியும்படி, என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்” என்கிறார். தழும்புகளைத்தான் அடையாளமாகக் காட்டுகிறார். பயந்துபோயிருந்த சீஷர்கள் அவரை அவரென்று தெரிந்துகொண்டது அவற்றைப் பார்த்துத்தான்.

அடுத்த முறை அவள் வந்தபோது இதைச் சொன்னேன். முந்தைய முறை சொன்னது தப்பு என்றும் சொன்னேன். “பார்ப்பார்மா. உன் முகத்தையும்தான் பார்ப்பார்.” அவள் பதில் எதுவும் சொல்லவில்லை. முகமூடியைக் கழற்றி, தேய்த்துவிடுவதற்காகக் கன்னத்தைக் காட்டினாள்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பாகப் பிறந்த பெண் நான். சிறுவயதில் கேட்ட பேச்சுகளால், குழுவாகப் படம் எடுக்கும்போதெல்லாம் பின்வரிசை ஓரத்தில்தான் நிற்பேன். இந்த வார்டு அதைக் குணப்படுத்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோயாளிகளுக்கு நான் சொன்னதை எனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, இன்னும் சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணாடியை நாங்கள் யாரிடமும் திணிப்பதில்லை. நோயாளி கேட்கும் வரை காத்திருப்போம். கேட்டால் கையில் பிடிக்கிற சின்னக் கண்ணாடிதான் முதலில். என்ன தெரியும், எந்த நிறத்தில் இருக்கும், எது மாறும், எது மாறாது என்று முன்பே சொல்லிவிடுவோம். உட்கார வைத்துத்தான் கொடுப்போம், பக்கத்திலேயே ஒருவர் இருப்போம்.

அவள் கேட்டது ஏழாவது மாதம். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் காயம் படாத பாதியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாக நகர்த்தினாள். உதடு துடித்தது, கண்ணீர் வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள், இரண்டு தரமும் திரும்ப எடுத்தாள். நெற்றிக்கு மேலே, டிரெஸ்ஸிங்குக்காக மழித்த இடத்தில் முடி ஒரு விரல் அளவு வளர்ந்து, எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“சிஸ்டர், சீப்பு இருக்கா?”