சரிவில் தொங்கும் படம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

மாலை வகுப்பில் இன்று நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் படத்தில் காட்டினேன். பிராங்க் லொயிட் ரைட் வடிவமைத்தது. உள்ளே மாடிக்கு மாடி பிரிவில்லை. சங்கின் உட்புறம் போலத் தளமே சுற்றிச் சுற்றி ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். முன்வரிசைச் சின்னவன் மட்டும், "நிலம் சரிவெண்டால் படத்தை எதை வைச்சு நேரெண்டு பாத்து மாட்டுறது, ரீச்சர்?" என்றான்.

1956இல், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 21 ஓவியர்கள் கையெழுத்திட்டு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் அனுப்பினார்கள். டி கூனிங்கும் மதர்வெல்லும் அதில் இருந்தார்கள். சாய்ந்த சுவரும் சரிந்த தளமும் ஓவியத்துக்கு ஒத்துவராது என்பதுதான் அவர்களின் வாதம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

மார்ச் 5, புதன்

ரைட்டின் பக்கத்தையும் சொன்னேன். ஓவியர் வரையும்போது பலகை பின்னால் சாய்ந்துதானே இருக்கிறது, சுவரிலும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். 1959 ஏப்ரலில் இறந்துபோனார். ஒக்டோபரில் திறந்தார்கள். அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநர் ஸ்வீனி, சுவரிலிருந்து கம்பிகளை நீட்டி, படங்களை நிமிர்த்தி முன்னால் நிற்கவைத்தார். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் திறந்ததும் அதே 1959தான்.

மார்ச் 8, சனி

சொல்லிப் புரியாததைச் செய்தே பார்ப்போம் என்று, பக்கத்துத் தெரு மேசனாரிடம் நீர்மட்டம், அதுதான் குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கருவி, இரவல் வாங்கினேன். "குமிழியைப் பாரு பிள்ளை, கண்ணை நம்பாதை" என்று சொல்லித்தான் தந்தார்.

வகுப்புக் கட்டடத்தில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு சரிவுப் பாதை உண்டு. அதன் சுவரில் ஒரே அளவான இரண்டு படங்களை மாட்டினோம். ஒன்று குமிழி நடுவில் நிற்கிறமாதிரி, மற்றது தளத்தோடு ஒத்துச் சரிவாக. தள்ளி நின்று பார்த்தால், குமிழி சரியென்று சொன்ன படம்தான் கோணலாகத் தெரிந்தது! நானே மூன்று தரம் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. சரி, இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

குகன்ஹைம் கட்டடம் அழகு. படத்தில் பார்த்தாலே மனம் அதற்குள் ஏறத் தொடங்கிவிடும். ஆனாலும் நான் அந்த 21 பேரின் பக்கம்தான். எனக்கும் பட்டிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளின் படங்களை நகரில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்னேரம் நாலு மணிக்குச் சட்டங்களுக்குள் படம் தெரியவில்லை, றோட்டில் போன பஸ்தான் தெரிந்தது. அம்மாமார் தங்கள் பிள்ளையின் படத்தை நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தேடினார்கள்.

ஜனவரியில் இங்கே புல்லுக்குளத்தடிக் கலாசார மையத்தின் பெயரை மாற்றியபோது, அதில் யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டதென்று ஊரே கொதித்தது. கொதித்தது நியாயம். பிறகு அந்தச் சொல்லும் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மண்டபத்தில் படம் மாட்டும் சுவர் எது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று யாரும் சூடாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்திவாரம் வெட்டுமுன் ஓர் ஓவியரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 10, திங்கள்

நீர்மட்டத்தைத் திருப்பிக் கொடுக்க எடுக்கப் போனேன். கூட்டித் துடைக்கும் அக்கா நேரான படத்தைத் திருப்பித் தளத்தோடு ஒத்துச் சரித்து வைத்திருந்தார். "கோணலாக் கிடந்தது ரீச்சர், நிமித்திவிட்டன்" என்றார்.