ரேட் இல்லாத சாமான்கள்

திருப்பூரில் குப்பைக்கும் ரேட் உண்டு. பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குக் கீழே விழும் துண்டுத் துணியைக் கூட்டி மூட்டை கட்டி வைத்தால், வேஸ்ட் வியாபாரி வண்டியோடு வந்து எடை போட்டு எடுத்துப் போவார். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை, லைக்ரா கலந்திருந்தால் இன்னும் கீழே. நல்ல பருத்தித் துண்டெல்லாம் கிழிபட்டுப் பஞ்சாகி, கழிவுப் பஞ்சிலும் நூல் நூற்கிற ஓபன் எண்ட் மில்லில் மறுபடி நூலாகிவிடும். கொஞ்சம் பெரிய துண்டுகள் மெஷின் துடைக்கப் போகும். அட்டைப்பெட்டி, நூல் சுற்றி வந்த கோன், பாலித்தீன் பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஸ்கிராப் ஸ்டோர் நடத்துகிறேன். கம்பெனிகளில் மிஞ்சுவதை வாங்கி வந்து, தரம் பிரித்து, பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் கைவேலை செய்கிறவர்களுக்கும் கொடுக்கிற இடம். பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய செக்கிங் யூனிட் ஒன்றின் பின்பக்கத் தகரக் கொட்டகை, சில இரும்பு ரேக், கழுவி வைத்த பெயிண்ட் வாளிகள். அவ்வளவுதான். தெருவில் உள்ள பெண்கள் சிலர் முறைவைத்து வந்து பிரித்துக் கொடுக்கிறார்கள். இதற்கு முன் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். அங்கே எதைக் கழிப்பது என்று பார்த்த அதே கண்ணால்தான் இங்கே எதை எடுப்பது என்று பார்க்கிறேன்.

யோசனை நம் ஊருடையதல்ல. நியூயார்க்கில் 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' 1978-லிருந்து நடக்கிறது. நகர நிர்வாகமே நடத்துகிறது. மழலையர் கல்விக்குப் பேர்போன இத்தாலியின் ரெட்ஜியோ எமிலியாவில் 1996-ல் 'ரெமிதா' தொடங்கினார்கள். பிரிட்டனில் பல ஊர்களில் இருக்கிறது. அங்கே கணக்கு எளிது. குப்பையை அகற்ற ஃபேக்டரிதான் காசு கட்ட வேண்டும். புதைகுழிக்குப் போகும் குப்பைக்கு 1996 முதல் பிரிட்டனில் தனி வரியே உண்டு. ஆகவே, "சும்மா கொடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்து நின்றால் முதலாளிக்கு லாபம்.

இங்கே அப்படியே தலைகீழ். ஆரம்பத்தில் பேசப் போன ஒரு கம்பெனியில் ஃபேக்டரி மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, வேஸ்ட்டுக்காரர் கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு குடுத்துட்டுப் போறாரு. நீங்க என்னங்க குடுப்பீங்க?" நியாயமான கேள்வி. சில யூனிட்டுகளில் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்குவதே வேஸ்ட் விற்ற காசில்தான். அதில் போய்க் கைவைக்க எனக்கு மனமில்லை. பிரித்து, கட்டி, எடை போட்டுப் பிழைக்கிற எத்தனையோ குடும்பங்களின் சோறும் அதில் இருக்கிறது. வெளிநாட்டு மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், ஏற்கெனவே ஒழுங்காக நடக்கிற மறுசுழற்சியைக் கெடுத்து அதன்மேல் ஜிகினா ஒட்டுகிற வேலையாகத்தான் முடியும்.

எனவே ரேட் இல்லாத சாமான்களைத் தேடினோம். வேஸ்ட்டுக்காரரும் பழைய இரும்புக்கடைக்காரரும் ஒருசேர "வேண்டாம்" என்று ஒதுக்குகிற பொருள் எதுவோ அதுதான் எங்கள் சரக்கு.

அதில் முதலிடம் ஜிஎஸ்எம் வட்டத்துக்கு. பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில்தான் சொல்வோம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. அதற்காக ஒரு சதுர மீட்டரை யாரும் வெட்டுவதில்லை. கையால் பிடித்து அழுத்துகிற வட்டமான கட்டர் ஒன்று இருக்கிறது. துணியை ரப்பர் பாய்மேல் விரித்து, கட்டரை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால், மிகச் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கழன்று வரும். அதைத் தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்கினால் முடிந்தது. 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். எடை எழுதிய பிறகு அந்த வட்டத்துக்கு வேலையில்லை. ரோலுக்கு ரோல், கலருக்குக் கலர் என்று வெட்டுவதால் குவாலிட்டி மேஜை டிராயரில் அடை அடையாகக் கிடக்கும். தனியாக விற்கிற அளவுக்கு எடை தேறாது. தரையில் விழுந்தால் கட்டிங் வேஸ்ட்டோடு சேர்ந்து போகும்.

ஆனால் ஒரு அங்கன்வாடி டீச்சர் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, விளிம்பு சுத்தம், கலர் மட்டும் வேறு வேறு. ஒரே நீலத்தில் ஐந்தாறு சாயல். குழந்தைகளை வெளிரிலிருந்து அடர்த்தி வரை வரிசையாக அடுக்கச் சொல்லலாம். கண்ணைக் கட்டிவிட்டு, எது இன்டர்லாக், எது ரிப், எது ஃப்ளீஸ் என்று தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா பேசிக் காதில் விழுந்த துணி வகைப் பெயர்கள்தானே இவை. காசு கொடுத்தால்கூடக் கடையில் கிடைக்காத கல்விச் சாமான் இது என்பது என் எண்ணம்.

அடுத்தது வாஷ் கேர் லேபிள். பிரிண்ட் தவறியதோ ஆர்டர் ரத்தானதோ, ரோல் ரோலாக வரும். இதில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. பிராண்ட் பெயர் போட்ட மெயின் லேபிளை நாங்கள் தொடுவதே இல்லை. வெளியே போனால் நாளைக்கே யாராவது டூப்ளிகேட் சட்டையில் தைத்துவிடுவார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும் பெரும்பாலான பையர்கள் அதை அழித்துவிடச் சொல்வார்கள், அதற்கு ஆதாரமும் கேட்பார்கள். துவைக்கும் குறிகள் மட்டும் அச்சான லேபிள் என்றால் மேனேஜரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு எடுப்போம். தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரத்துக்குள் வட்டம், இஸ்திரிப்பெட்டி, வெறும் வட்டம். விடுமுறையில் வந்த பிள்ளைகள் சிலர் இந்தக் குறிகளை வெட்டி ஒட்டித் தாயக்கட்டம் போல ஒரு ஆட்டம் உண்டாக்கினார்கள். இஸ்திரிப்பெட்டியில் கால் வைத்தால் சூடு, ஒரு ஆட்டம் உட்கார வேண்டும். முக்கோணம் பிளீச்சிங், காய் வெளுத்துப்போய் மறுபடி முதல் கட்டத்துக்கு. விதியெல்லாம் அவர்களாகவே போட்டது. நாங்கள் செய்தது ஒன்றுதான், இது எதற்கு என்று சொல்லித்தராமல் வாளியைத் திறந்து வைத்தோம்.

வருகிற எல்லாவற்றையும் உள்ளே விடுவதில்லை. இங்கே பாதி வேலை வேண்டாம் என்று சொல்வதுதான். ஸ்கிரீன் பிரிண்டிங் இங்க் டப்பா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். சாயப்பட்டறை கெமிக்கல் கேன் வேண்டவே வேண்டாம். தைத்துக் கழித்த பீஸ்களில் ஊசி பயம் உண்டு. கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டிலையே தனியே எடுத்துச் சோதிப்பார்கள். அவ்வளவு கெடுபிடியான இடத்திலிருந்து வந்தாலும் நான் நம்புவதில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குவியல் மேலும் அதை மெதுவாக இழுத்த பிறகுதான் வாளிக்குள் போகும். குண்டூசி ஒட்டாத வாரம் அபூர்வம்.

இனி பள்ளிக்கூடங்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'கழிவிலிருந்து கலைப்பொருள்' என்று புராஜெக்ட் கொடுக்கிறார்கள். அதற்காக அம்மாக்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடிப் புது ஐஸ் குச்சிக் கட்டு வாங்குகிறார்கள். ஐஸை வாழ்நாளில் பார்த்திராத குச்சி! கூடவே கலர் தெர்மாகோல், ஜிகினாத் தூள், பசைக் குச்சி. கழிவே இல்லாத இடத்தில் கழிவை உற்பத்தி செய்து மார்க் வாங்குகிறோம். எங்களிடம் வந்தும், "அக்கா, ரெடிமேடா பேனா ஸ்டாண்ட் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாலும் அந்த அளவு வீம்பு இருக்கிறது.

ஜிகினாவும் பசையும் எனக்கு ஆகாததற்குக் காரணம் உண்டு. பருத்தி வட்டம் சும்மா கிடந்தாலும் என்றைக்காவது பஞ்சாக வழி இருக்கிறது. அதில் சூடான பசைக் குச்சியை உருக்கி ஊற்றி, பிளாஸ்டிக் தூள் தூவி, தெர்மாகோலில் ஒட்டிவிட்டால் அப்புறம் எந்த வியாபாரியும் தொடமாட்டார். இரண்டு மாதம் அலமாரியில் இருந்துவிட்டு நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். மறுபயன்பாடு என்ற பெயரில் ஒரு பொருளின் அடுத்த பயணத்தை நாமே அடைக்கிறோம். அதனால் எங்கள் கொட்டகையில் முடிச்சு, தையல், கோர்ப்பு, பின்னல் மட்டும்தான். எம்பிராய்டரி யூனிட்டுகளில் கோனின் அடியில் மிஞ்சி வரும் நூல் எதற்காக இருக்கிறது? ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மைதா காய்ச்சிக்கொள்ளலாம். இந்த விதியால் சில டீச்சர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

இலவசமாகவும் கொடுப்பதில்லை. சும்மா கிடைக்கிறது என்றால் தேவையோ இல்லையோ அள்ளுவது நம் கை. அரசு 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கிய பிறகு ஊரில் மஞ்சப்பைக்குப் பஞ்சமில்லை. அதையே அளக்கும் படி ஆக்கிவிட்டோம். ஒரு மஞ்சப்பை நிறைய எடுத்தால் முப்பது ரூபாய், அங்கன்வாடிக்கு மட்டும் காசு கிடையாது. திணித்து நிரப்பினாலும் கேட்பதில்லை. கொட்டகை வாடகையை இந்தக் காசு எட்டிப் பிடிக்காது. மீதியை நவராத்திரி சமயத்தில் கொலுவுக்குப் பூங்கா, குளம், தேர் என்று செய்து கேட்கும் வீடுகளிலிருந்து சமாளிக்கிறோம்.

ஐப்பசி அடைமழை வந்தால் கொட்டகையில் ஈரம் ஏறும், துணி பூசணம் பிடிக்கும். அதனால் மழைக்கு முன்பே வரவை நிறுத்தி, இருப்பைக் குறைத்துவிடுவோம். போன வாரம்கூட ஒரு கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. பிளாஸ்டிக் ஹேங்கர், வண்டி நிறைய, சும்மாவே தருகிறேன் என்றார். ஹேங்கருக்கு இரும்புக்கடையில் ரேட் இருக்கிறதே என்றேன். இருக்கிறதுதான், ஆனால் கொக்கி இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துக் கொடுத்தால்தான் எடுப்பார்களாம், பிரிக்க ஆள் இல்லையாம். எங்களிடம் ஆள் இருக்கிறது. கொக்கி மட்டும் எங்களுக்கு, பிளாஸ்டிக் இரும்புக்கடைக்கு, அந்தக் காசு வாடகைக்கு என்று பேசி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வண்டி வருகிறது.