பிரிக்க வேண்டாத கட்டு

தீக்காயப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், கட்டு மாற்றும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவதே எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. சக்கரச் சத்தம் கேட்டதும் வார்டில் பேச்சு நின்றுவிடும். வெள்ளிக் களிம்பு பூசிய காஸ் துணி இரவுக்குள் காயத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். உப்புநீரை ஊற்றி ஊற்றி, எவ்வளவு பொறுமையாக உரித்தாலும், முளைக்கத் தொடங்கிய புதுத்தோல் கொஞ்சம் துணியோடு வந்துவிடும். காயத்தை ஆற்றுவதற்காக வந்த நானே, ஆறியதைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், தோல் போன இடத்தில் அதற்குப் பதிலாக விரிக்கும் மெல்லிய செயற்கைத் தோல் தகடுகளைப் பற்றி யார் கேட்டாலும், மற்ற எதையும் விட முதலில் இதைச் சொல்கிறேன்: அவற்றின் பெரிய நன்மை, காயத்தைத் தொடாமல் விட்டுவைக்க முடிவதுதான்.

தோல் வெந்துபோன இடத்தில் உடம்பின் நீரும் புரதமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெப்பமும் போய்விடும், கிருமிக்கு வழி திறந்துவிடும். ஆனால் தோலின் முழு ஆழமும் வேகாத, மேலோட்டமான இரண்டாம் நிலைக் காயத்தில், மயிர்க்கால்களின் வேர்ப்பகுதியிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் உயிருள்ள செல்கள் மிச்சமிருக்கும். அங்கிருந்துதான் புதுத்தோல் பரவுகிறது. ஈரம் காயாமல், யாரும் கிளறாமல் இரண்டு மூன்று வாரம் விட்டால் பெரும்பாலும் அது தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை மேலே ஒரு கூரை வேண்டும். இறந்தவர்களின் தோல், பன்றித்தோல், கருவைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வு எல்லாம் அதற்குப் பயன்பட்டவைதான். செயற்கைத் தகடும் அப்படியொரு கூரைதான்.

பயோபிரேன், நான் முதலில் கையில் எடுத்த தகடு. மெல்லிய சிலிக்கோன் படலத்தின் அடியில் நைலான் வலை. வலையின் மீது பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தின் பூச்சு. தொட்டால் மிக மெல்லிய காலுறையைப் போலிருக்கும். காயத்தில் கசியும் ஃபைப்ரின், அதாவது இரத்தத்தை உறையவைக்கும் இழைப்புரதம், அந்த வலைக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். இதில் கையுறை வடிவமும் இருந்தது. கொதிநீரில் கை வெந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, மயக்க மருந்து கொடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து அதை மாட்டிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, வலியில் இறுக மூடி வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். பழைய முறையில் அந்த வயதுக் குழந்தை இவ்வளவு சீக்கிரம் விரலை அசைத்து நான் பார்த்ததே இல்லை.

பன்றிக் கொலாஜன் இருப்பதை நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சிலருக்கு அது மனசாட்சி சார்ந்த விஷயம், கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். விலங்குப் பொருள் கலவாத தகடும் இருக்கிறது. சுப்ராதெல் என்பது பாலிலாக்டிக் அமிலம் என்ற செயற்கைப் பொருளின் வகையைச் சேர்ந்தது. வெள்ளையாக வரும். காயத்தின் மீது விரித்தால் உடல் சூட்டில் இளகி மேடுபள்ளத்தோடு படிந்து, கண்ணாடிபோல் ஆகிவிடும். கட்டை அவிழ்க்காமலே அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வெளிக்கட்டை மட்டும்தான் மாற்றுவோம்.

எல்லாக் காயத்துக்கும் இது சரிவராது. ஒருமுறை சரியாகச் சுத்தமாகாத காயத்தின் மேல் தகட்டைப் போட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அடியில் கலங்கலாக நீர் தேங்கி, வாடை வந்தது. முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. தெளிந்த நீரென்றால் ஊசியால் உறிஞ்சிவிடலாம். சீழென்றால் தகடு அங்கே இருக்கக் கூடாது. அன்றிலிருந்து முதல் மூன்று நாளும் ஒவ்வொரு ஓரத்தையும் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். தோலின் முழு ஆழமும் வெந்திருந்தால், தகடு ஒரு தற்காலிகக் கூரை மட்டுமே. கடைசியில் நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்டித்தான் ஆக வேண்டும். இதை உறவினர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "புதுத்தோல் வைத்தாயிற்று" என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அந்தச் சிறுமியின் மணிக்கட்டில், பத்தாம் நாள் கையுறையின் ஓரம் காய்ந்து சுருண்டது. கட்டுதான் கெட்டுவிட்டதோ என்று அவள் அம்மா பயந்து, அதை இழுக்கப் போனார்.

"இழுக்காதீர்கள் அம்மா. அடியில் தோல் ஆறினால்தான் அது தானாகக் கழன்று வரும்" என்றேன்.

சிறு கத்தரியால், கழன்ற அளவுக்கு மட்டும் நறுக்கினேன். ஒரு விரல் அகலம் இருக்கும். அடியில் ஈரமற்ற, இளஞ்சிவப்பான தோல். மறுநாள் உள்ளங்கைவரை கழன்று வந்தது. பதினான்காம் நாள் கடைசித் துண்டைச் சிறுமியே கத்தரியை வாங்கி நறுக்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.